வீட்டில் எங்கோ நாறுகிறது

அக்டோபர் 6, திங்கள்

இது என் வீட்டுக்காரருடைய டைரி. ஆகஸ்டு வரைக்கும் அன்றன்றைக்கு ரப்பர் மரம் எவ்வளவு பால் தந்தது என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை. நான் ஐந்தாம் வகுப்புதான். செபப் புத்தகம் வாசிப்பேன், எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கும் ஏதாவது ஆனால் நெஞ்சுவலி என்று சொல்லி மூடிவிடுவார்கள். அவருக்கும் அப்படித்தானே சொன்னார்கள். விடியக்காலம் ரப்பர் வெட்டப் போன மனுஷன் மரத்து அடிமூட்டில் சாய்ந்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவருக்குப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தது மருமகள் ஜெஸ்லின். நான் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

வீட்டில் எங்கோ ஒன்று நாறுகிறது. நாலைந்து நாளாக.

துணி துவைத்தேன், காயவில்லை. மழை.

அக்டோபர் 8, புதன்

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அரிசிப்பானைக்குப் பின்னால் பார்த்தேன். செத்த எலி இல்லை. ஈரத் துணியில் ஏதோ அழுகிக் கிடக்கிற மாதிரி ஒரு நாற்றம். வருகிறது, போகிறது.

மகன் விஜின் ரப்பர் வெட்டு முடிந்து வந்ததும் கேட்டேன்.

“எனக்கு ஒரு நாத்தமும் அடிக்கல்லம்மா.”

“ஒனக்கு ரப்பர்ப்பால் மணத்துல மூக்கு செத்துப்போச்சு. அவகிட்டக் கேளு.”

ஜெஸ்லின் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். “எனக்கு பினாயில் மணம்தான் வருது மாமி” என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபட்டதில்லை.

அவருடைய ரப்பர் சீட்டுகளைத் துடைத்தேன். அவர் கடைசியாக அடித்த சீட்டுகள். பாலை உறைய வைத்து, மிஷினில் கொடுத்துத் தட்டையாக்கித் தொங்கப் போட்டிருந்தார். புகைக்கொட்டிலில் ஏற்றுவதற்குள் போய்விட்டார். விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு என் அறையிலேயே கயிறு கட்டித் தொங்கப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவர் பெருவிரல் அழுத்தித் தூக்கின பள்ளம் இருக்கிறது. புகை காட்டாத சீட்டு, மழைக்காலம் வேறே, தினமும் பூசணம் பிடிக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் வெள்ளையும் பச்சையுமாகப் பஞ்சு பூத்திருக்கும். தேங்காய்த் தும்பால் தேய்த்து எடுக்கிறேன். தூள் பறந்து தும்மல் வரும். வந்தால் என்ன.

அக்டோபர் 12, ஞாயிறு

கோயிலிலும் நாறியது. சாமியார் தூபம் காட்டினபோதும் அதே நாற்றம். யோசித்துப் பார்த்தேன். என் சீலையை இஸ்திரி போட்டது யார்? அவள்தானே. அப்படியென்றால் சீலையில்தான் ஏதோ தடவியிருக்கிறாள்.

பூசை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு லில்லிபுஷ்பத்திடம் சொன்னேன். அவள் என் தோளுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்தாள்.

“ஆமா ரோணிக்கம், என்னமோ ஒண்ணு மணக்கத்தான் செய்யுது. சொல்லுதேன் கேட்டியா, இதெல்லாம் சும்மா வராது. வீட்டுல யாராவது செய்வினை பொதைச்சு வச்சிருப்பாவ.”

“யாரு?”

“நான் யாரையும் சொல்லமாட்டேன். ஒனக்குத் தெரியாதா?”

எனக்கு இருந்த சந்தேகம் போயிற்று. நாறுகிறது என்று வேறொரு ஆளும் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 15, புதன்

சர்க்கரை மாத்திரை மாறியிருக்கிறது. நான் இத்தனை வருஷமாக விழுங்கினது வெள்ளை, நீளம். இன்றைக்கு ஜெஸ்லின் உள்ளங்கையில் வைத்து நீட்டினது வட்டமாக, லேசாக மஞ்சள்.

“இது என்னதுட்டி?”

“ஆஸ்பத்திரில இப்ப இதுதான் குடுக்காவ மாமி. கம்பெனி மாறிப்போச்சாம். மருந்து ஒண்ணுதான்.”

“நீயா போய் வாங்கினே?”

“பின்ன யாரு போறா?”

அதுதான் நானும் கேட்கிறேன். அவர் இருந்தவரைக்கும் அவர்தான் போய் வாங்கிவருவார்.

அக்டோபர் 16, வியாழன்

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் வந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

சாளைமீன் கறி வைத்தாள். விஜின் வழித்து வழித்துத் தின்றான். என் தட்டில் மட்டும் நாறியது. ஒரே சட்டியில் இருந்துதான் எல்லார் தட்டிலும் விளம்பினாள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாத்திரத்தில் தடவியிருக்கலாம். சாயங்காலம் நானே கஞ்சி வைத்தேன், என் கையால். அதுவும் நாறியது. அப்படியென்றால் உப்பு. உப்பு ஜாடியைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

“புது உப்பு மாமி அது” என்றாள்.

“ஒனக்கு எதுக்கு கோவம் வருது?”

அவள் உள்ளே போய் விஜினிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

தாகம் தாங்கவில்லை. எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டுகிறது. மெலிந்தும் போனேன், ரவிக்கை தொளதொளவென்று கிடக்கிறது. உருக்கிக் கொல்லுகிற மருந்து ஒன்று உண்டு என்று லில்லிபுஷ்பம் சொன்னாள்.

வலது பக்கத்து மூக்கு அடைத்திருக்கிறது. தேங்காயெண்ணெய் விட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

அவர்கள் இரண்டு பேரும் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போனார்கள். அலமாரியைத் திறந்தேன். சீலைகளுக்கு அடியில் ஒரு சின்னப் பாட்டில், கறுப்பாகக் களிம்பு. மூடியைத் திறந்தேன். அதே நாற்றம்! கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். தென்னை மூட்டில் கொட்டி, மண் போட்டு மூடினேன்.

வந்ததும் தேடினாள்.

“மாமி, என் அலமாரில ஒரு லேகியம் இருந்துச்சு, கண்டியளா?”

“நான் எதுக்கு ஒன் அலமாரியத் தொறக்கேன்? என்ன லேகியம்?”

முகம் சிவந்துபோயிற்று. “பிள்ளை உண்டாவதுக்கு அம்மா வாங்கித் தந்தது.”

நம்புகிற மாதிரித்தான் சொன்னாள். கள்ளம் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பாட்டிலைக் கொட்டின பிறகும் நாற்றம் போகவில்லை. இன்னொன்று எங்கேயோ வைத்திருக்கிறாள்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அவர் குழிக்கு இது முதல் வருஷம். மெழுகுதிரி கொளுத்தினோம். பிச்சிப்பூ வாங்கிப் போட்டேன். முகத்தோடு வைத்துப் பார்த்தேன், பிச்சிப்பூவும் அழுகல்தான். அவரைப் புதைத்த மண்ணில் நின்றுகொண்டு அந்த நாற்றத்தை இழுத்தபோது என் மனசு எங்கெல்லாமோ போயிற்று. எழுத மாட்டேன்.

ஜெஸ்லின் குழியைச் சுற்றிப் புல் பறித்தாள். அழுதாள். அவருக்காக அவள் ஏன் அழுகிறாள்?

வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினேன். கறுப்பாக ஒரு பொருக்கு வந்தது, அடுப்புக்கரி மாதிரி. விறகுப்புகையாக இருக்கும்.

நவம்பர் 5, புதன்

வலது கன்னம் மரத்திருக்கிறது. கிள்ளினால் வேறே யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கிறது. மேல்வரிசைப் பல்லெல்லாம் வலி. சீட்டுகளை இன்றைக்கு இரண்டு தடவை துடைத்தேன். மழை விட்டபாடில்லை, பூசணமும் விட்டபாடில்லை.

விஜின் அறைக்குள் வந்து நின்றான்.

“அம்மா, இத வித்துருவோம். கெட்டுப்போய்க் கெடக்கு. மேல தொட்டாலே தூளாப் பறக்கு.”

“அப்பன் கைபட்டதுலே இது.”

“அதுக்கு? மூஞ்சிக்கு மேல தொங்கப் போட்டுட்டு ஒறங்குவியா?”

“அவ சொல்லிக் குடுத்தாளா?”

“அம்மா, நீ இப்ப எதச் சொன்னாலும் அவளையே சொல்லுத. அவ என்ன செஞ்சா ஒனக்கு?”

அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அவனும் இப்போது அவள் பக்கம்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கண்ணுக்குக் கீழே வீங்கிவிட்டது. இமை பாதிதான் திறக்கிறது. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது. வாசலில் இரண்டு ஜெஸ்லின் நின்றாள். ஒருத்தியே போதாதா.

நவம்பர் 10, திங்கள்

இதை எழுதும்போது கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் ஜெஸ்லின் என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நான் தட்டிவிட்டேன்.

“மாமி, வாருங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். கண்ணு வெளிய தள்ளிட்டு நிக்கு.”

“ஒன்கூட நான் ஒரு எடத்துக்கும் வரல்ல.”

அந்த நேரத்தில் லில்லிபுஷ்பம் வந்தாள். பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தாள். “எம்மாடி! இது ஒடம்புத் தீனம் இல்ல, இது ஏவல். தோமையார்புரத்துல ஒரு செபக்காரி இருக்கா. மூணு நாள் அங்க கெடந்தா வீக்கம் வத்திரும். ஊசி கீசி போட்டுராத ரோணிக்கம், கண்ணு தெறிச்சுப் போயிரும்.”

ஜெஸ்லின் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“ஏவலா? ஆரு ஏவினா? நானா? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. ஒங்க வாயிதான் இந்த வீட்டுக்கு ஏவல். அவிய கண்ணு போயிட்டுன்னா ஒங்க கண்ணப் பிடுங்கி வைப்பியளா?”

“பாத்தியா விஜின், ஒன் பெண்டாட்டி…”

“அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க” என்றான் விஜின். ஆட்டோவைக் கூப்பிட்டான். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். மகன் விரல் விரலாகப் பிரித்து எடுத்தான். அவன் அழுதுகொண்டே எடுத்தான், அதனால் விட்டேன்.

டைரியை இடுப்பில் சொருகிக் கொண்டுவந்தேன். என்னை என்ன செய்கிறார்கள் என்று எழுதவேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

தலையைப் பெரிய வளையத்துக்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். மூக்குக்குள் விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். மூக்கு டாக்டர் ஒரு பெண், மதுரைப் பக்கம். சின்ன வயசு, ஆனால் சத்தம் பெரிசு.

“அம்மா, உங்க மூக்குக்குப் பக்கத்துல, கன்ன எலும்புக்குள்ள காத்து நிக்கிற அறை ஒண்ணு இருக்கு. அதுல பூஞ்சை கட்டியா அடைச்சிருக்கு. அதுக்கும் கண்ணு குழிக்கும் நடுவுல இருக்கிற எலும்ப அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. உடனே எடுக்கணும். இன்னும் விட்டா கண்ணு போகும், அப்புறம் மூளைக்கு ஏறும். நாத்தம் அடிக்குதா?”

“வீட்டுல அடிக்குது.”

“வீட்டுல மத்தவங்களுக்கு?”

நான் லில்லிபுஷ்பத்துக்கு அடித்ததைச் சொல்ல வந்தேன். அதற்குள் விஜின், “இல்ல டாக்டர். அம்மாவுக்கு மட்டும்தான்” என்றான்.

“உங்க மூக்குக்குள்ளயே அழுகுதும்மா. நீங்க எங்க போனாலும் கூடவே வரும்.”

நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். ஜெஸ்லின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் முன்பின் தெரியுமோ என்று பார்த்தேன். தெரியாது போலத்தான் இருந்தது.

ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் சத்தம் போட்டார். “சுகர் இவ்வளவு ஏறியிருக்கு! மாத்திரை போடுறாங்களா இல்லையா?”

விஜின் ஜெஸ்லின் பக்கம் திரும்பினான். “ஏய், ஒழுங்கா குடுத்தியா நீ? ஒரு வேலையச் சொன்னா…” வார்டில் எல்லாக் கட்டிலும் பார்த்தது.

அவள் தரையைப் பார்த்தபடி, “குடுத்தேன். வாயில போட்டதயும் கண்டேன். கிணத்தடில துப்பினதயும் கண்டேன்” என்றாள்.

“கண்டுட்டு ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நம்புவியளா? அம்மயப் பத்திக் கோள் சொல்லுதேன்னு என் மேலல்லா சாடியிருப்பிய. போன மாசம் உப்புக்குச் சாடல்லியா?”

டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன்.

பார்த்திருக்கிறாள். நான் அவளைக் கண்காணித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவளும் என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்தும் சொல்லவில்லை. கிழவி சாகட்டும் என்றுதானே? அப்படியென்றால் நேற்று துடைப்பத்தை எடுத்தது எதற்கு? இரண்டும் ஒன்றோடொன்று சேரமாட்டேன் என்கிறது.

நவம்பர் 13, வியாழன்

இன்றைக்கு மயக்கம் கொடுத்து மூக்கு வழியாகவே எடுக்கப்போகிறார்கள். நான் வராவிட்டால், சீட்டுகளை விற்க வேண்டாம்.

நவம்பர் 17, திங்கள்

இருக்கிறேன். மூன்று நாள் எழுத முடியவில்லை. மூக்கில் பஞ்சு திணித்திருந்தார்கள். கண் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் இரட்டையாகத்தான் தெரிகிறது, போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர்.

எடுத்ததைப் பாட்டிலில் போட்டுக் காட்டினார். கறுப்பும் பச்சையுமாக, களிமண் உருண்டை உடைந்த மாதிரி. இவ்வளவு பெரிசு என் முகத்துக்குள்ளா இருந்தது?

“இது எப்படி உள்ள போச்சு?” என்று கேட்டேன். யார் வைத்தது என்று கேட்க நினைத்து, அப்படிக் கேட்டேன்.

“காத்துலதாம்மா இருக்கு. உங்க ஊர் மாதிரி மழையும் வெக்கையும் உள்ள எடத்துல சுவர், துணி, சருகு எல்லாத்துலயும் இருக்கும். நானும் இழுக்கிறேன், உங்க மருமகளும் இழுக்கிறாங்க. எங்களுக்குத் தும்மலோட போயிடும். சுகர் கட்டுப்பாடு இல்லாத உடம்புல தங்கி வேர் விட்டுடும்.”

விஜின் சும்மா இருக்காமல் சீட்டுக் கதையைச் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“படுக்கிற அறையிலா? தினமும் காய்ஞ்ச தும்பால தேய்ச்சா?”

“அதுல இருந்துதான் வந்துதா?” என்றேன்.

“அதுலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இனிமே அது அந்த அறையில இருக்கக் கூடாது. ஊசி இன்னும் போகணும், வீட்டுக்குப் போனப்புறம் ரொம்ப நாளைக்கு மாத்திரை. மறுபடி வளர்ந்தா இந்தத் தடவை மாதிரி தப்ப முடியாது.”

அவர் கைபட்டது என்று டாக்டரிடம் சொல்ல முடியுமா. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இந்த ஒரு காரியத்துக்கு நான் யாரைப் பிடித்துத் திட்டுவது?

நவம்பர் 20, வியாழன்

ஊசி போட்டால் குளிர் நடுக்குகிறது. ஜெஸ்லின் கால் பக்கம் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிடுகிறாள். பக்கத்துக் கட்டில்காரி, “மகளா?” என்று கேட்டாள்.

“மருமகள்” என்றேன்.

“நம்ப முடியல்லியே.”

“எனக்கும்தான்” என்றாள் ஜெஸ்லின். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, மூக்கு வலித்தது.

மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அதே மஞ்சள். விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. காட்டினேன்.

“நாக்கத் தூக்குங்க.”

“ஒனக்கு என்மேல நம்பிக்கை இல்லியா?”

“இல்ல” என்றாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. என் அறையில் கயிறு இல்லை. சீட்டு ஒன்றுகூட இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்கு மேலே அடைத்திருந்த பலகையைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். காற்று வருகிறது.

விற்றுவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் மயக்கத்தில் கிடந்த நேரம் பார்த்து. கேட்கப் போனேன், அடுக்களையில் அவள் இல்லை. பின்னால் புகைக்கொட்டிலில் புகை போய்க்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் விறகு பற்றாமல், கண்ணெல்லாம் சிவந்து ஊதிக்கொண்டிருந்தாள். உள்ளே சீட்டெல்லாம் வரிசையாகத் தொங்குகிறது. கழுவி, புகை ஏற்றி, தேன் நிறமாகிவிட்டது.

“உள்ள வராதிய மாமி, புகை ஆகாது. இனி பூசணம் பிடிக்காது. ஆனா வீட்டுக்குள்ள கொண்டுவர நான் விடமாட்டேன், இங்கதான் தொங்கும்.”

வெளியே நின்று பார்த்தேன். விரல் பள்ளம் அவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை.

லில்லிபுஷ்பம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “செபக்காரிகிட்டப் போயிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்ல” என்றாள். கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

நாற்றம் போய்விட்டது. ஆனால் மணமும் போய்விட்டது. காப்பி மணக்கவில்லை, சோப்பு மணக்கவில்லை, வெளுத்த துணியை முகத்தில் வைத்தால் துணிதான் இருக்கிறது. டாக்டரிடம் போனில் கேட்டான் விஜின். வரலாம், வராமலும் போகலாம், பார்ப்போம் என்றாராம்.

விஜின் வெட்டுக்குப் போயிருந்தான். மத்தியானம் பசித்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு இன்றைக்குத்தான் நன்றாகப் பசித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நேற்றைய அயிலைமீன் கறி இருந்தது. தேங்காய் அரைத்து வைத்தது, சிவப்பாக, மேலே எண்ணெய் மிதந்துகொண்டு. அகப்பையால் கிளறிப் பார்த்தேன். நுரை இல்லை, நூல் விடவில்லை. முகத்தைக் குனிந்து இழுத்துப் பார்த்தேன். வெறும் காற்று. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உறைப்பு மட்டும் தெரிந்தது.

“ஏ பிள்ள, இங்க வா. இத மணத்திப் பாரு.”

ஜெஸ்லின் கை துடைத்துக்கொண்டு வந்தாள். சட்டிக்கு மேலே குனிந்ததும் முகம் சுளித்தாள்.

“கெட்டுப்போச்சு மாமி. நேத்துச் சூடாக்க மறந்துட்டேன். தின்னாதிய.”

“கண்ணுக்கு நல்லாத்தானே இருக்கு.”

“கண்ணுக்கு இருக்கும். நாறுது.”

அவளுக்கு நாறுகிறது. எனக்கு இல்லை.

சட்டியோடு கொஞ்சநேரம் நின்றேன். மறுபடியும் குனிந்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். ஒன்றும் இல்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாழை மூட்டுக்குக் கொண்டுபோய் ஒரு துண்டு மிச்சமில்லாமல் கொட்டினேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

“பசிக்குதுட்டி. என்னவாவது வை” என்றேன்.